மூன்று சிலிண்டர் டிரக்குக்கு மைக்ரோஸ்க்விர்ட்: கார்புரேட்டரைக் கழற்றி டர்போ வைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

660 சிசி கெய் டிரக்கில் (ஜப்பானிய மினி சரக்கு வண்டி) கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்ஷனும் மிதமான டர்போவும் ஏற்ற நினைப்பவர்கள் கண்ணில் அடிக்கடி படும் இசியு (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) மைக்ரோஸ்க்விர்ட் வி3. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொள்ளவும் பூஸ்ட்டை (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) 0.4 பாரோடு நிறுத்தவும் சம்மதம் என்றால் தாராளமாக வாங்கலாம். பிளக்குக்கு ஒரு காயில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நேரத்தில் பெட்ரோல் என்று ஆசைப்படுபவர்களுக்கு இது சரியான பெட்டி அல்ல. ஏன் என்பதற்கான காரணம் இன்ஜினின் மூன்று சிலிண்டர்களிலேயே இருக்கிறது. விற்பனைப் பக்கங்கள் எதுவும் அதை விளக்குவதில்லை.

எடுத்துக்காட்டாக சுசுகி கேரியில் வந்த எஃப்6ஏ இன்ஜினை வைத்துப் பேசுவோம். போர் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 66 மி.மீ., மொத்தம் 657 சிசி, அதாவது சிலிண்டருக்கு 219 சிசி. இதே அளவுள்ள மற்ற மூன்று சிலிண்டர் இன்ஜின்களுக்கும் கீழே வரும் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

பெட்டிக்குள் இருப்பது மெகாஸ்க்விர்ட்-2 தலைமுறைச் செயலி; அதில் ஓடுவது எம்எஸ்2/எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர். உள்ளங்கையில் அடங்கும் அளவு. 35 பின் சீல் செய்த கனெக்டர் ஒன்றுதான். இன்ஜெக்டர் வெளியீடு இரண்டு, ஸ்பார்க் வெளியீடு இரண்டு, ரிலக்டர் (சென்சார் முன் சுற்றும் பல் சக்கரம்) சிக்னலை நேரடியாக வாங்கும் விஆர் (காந்தச் சுருள் சென்சார்) உள்ளீடு, இரண்டு ஒயர் ஐடில் வால்வை ஓட்டும் வெளியீடு, ஃப்யூவல் பம்ப் ரிலே வெளியீடு. மேப் சென்சார் (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது) உள்ளே கிடையாது, வெளியே தனியாக வைக்க வேண்டும். ஸ்டெப்பர் ஐடில் மோட்டாரை இது நேரடியாக ஓட்டாது. நாக் (இன்ஜின் தட்டல்) சென்சார் சிக்னலைப் பிரித்தறியும் சர்க்யூட்டும், பதிவு செய்து வைக்க எஸ்டி கார்டும் இல்லை. லாக் எடுக்க வேண்டுமென்றால் லேப்டாப்பை மாட்டியேதான் ஆக வேண்டும். டர்போ வைக்கும் வண்டிக்கு இந்தக் கடைசி இரண்டும் உண்மையான குறைகள்.

டிரிக்கர் (இன்ஜினின் நிலையை இசியுவுக்குச் சொல்லும் சிக்னல்): எல்லாம் இங்கேதான்

நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது) வைத்து, இரண்டு ஸ்பார்க் வெளியீட்டில் இரண்டு இரட்டைக் காயில்களை ஓட்டிவிடலாம். மைக்ரோஸ்க்விர்ட் அங்கே கச்சிதமாக உட்காரும். மூன்று சிலிண்டருக்கு அது நடக்காது. பவர் ஸ்ட்ரோக் 240 பாகைக்கு ஒருமுறை வருகிறது. 360-ஐ 240-ஆல் வகுத்தால் மிச்சம் விழும். கிராங்க் சக்கரத்தை மட்டும் பார்க்கும் இசியுவுக்கு இது முதல் சுற்றா, இரண்டாவது சுற்றா என்று தெரியாது. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் 120 பாகைக்கு ஒரு ஸ்பார்க் விட வேண்டும். அதற்கு மூன்று காயில், மூன்று வெளியீடு தேவை. ஒற்றைக் காயிலோடும் டிஸ்ட்ரிபியூட்டரோடும் அதைச் செய்தால் பாதி ஸ்பார்க்குகள் ரோட்டர் இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்கும்போது விழும். மூடிக்குள் நெருப்பு எங்கே தாவும் என்று சொல்ல முடியாது. கிராங்க் சக்கரத்தை வாங்கி, புல்லியைக் கடைந்து, சென்சார் பிராக்கெட்டும் செய்து முடித்த பிறகு இது தெரியவந்தால் எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே சிக்னல் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தே வர வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் உள்ளது மூன்று பல் ரிலக்டர் வைத்த எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் அதுவே போதும். கேம் வேகத்தில் சுற்றுவதால் 240 பாகைக்கு ஒரு சிக்னல் தானாகவே கிடைக்கும். ஃபர்ம்வேரில் ‘பேசிக் டிரிக்கர்’ முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட முடியாது. முதலில் வேக்குவம் டயஃப்ரத்தைக் கழற்றி, பிக்கப் தட்டு அசையாமல் திருகு போட வேண்டும். அடியில் உள்ள எடைகளை விரியாதபடி வெல்டு வைத்தோ தகடு வைத்தோ பூட்ட வேண்டும். அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை பாகையில் ஸ்பார்க் என்பது) இனி இசியுவின் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து அட்வான்ஸ் கொடுத்தால் பூஸ்ட்டில் பிஸ்டன் ஓட்டையாகும். அடுத்து, சிக்னல் வரும் இடம். இசியு சிக்னலைப் பார்த்த பிறகுதான் ஸ்பார்க்கைக் கணக்கிடும் என்பதால் அந்தச் சிக்னல் அதிகபட்ச அட்வான்ஸுக்கும் முன்னதாக, டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி) 60 முதல் 70 பாகை முன்னால் வர வேண்டும். 20 முதல் 50 பாகை வரையான இடம் ஆகவே ஆகாது. ஸ்பார்க் விட வேண்டிய நேரமும் சிக்னல் வரும் நேரமும் மோதும்.

தொழிற்சாலை அமைப்பில் சிக்னல் சுமார் 10 பாகையில் இருக்கும். 60-க்குக் கொண்டுபோக கிராங்க் கணக்கில் 50, டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் 25 பாகை நகர்த்த வேண்டும். பலர் இங்கே உடலையே திருப்பிவிடுகிறார்கள். உடலோடு மூடியும் திரும்பும், ரோட்டர் முனையை விட்டு விலகிப்போகும். நகர்த்த வேண்டியது உள்ளே இருக்கும் பிக்கப் தட்டை மட்டும்தான். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய மூடி ஒன்றில் முதல் சிலிண்டர் முனைக்குப் பக்கத்தில் 10 மி.மீ. ஓட்டை போட்டு, டைமிங் லைட்டை அதற்குள் அடித்துப் பாருங்கள். ஐட்லிங்கில் 10 பாகை, முழு வேகத்தில் 35 பாகை என்றால் நடுவில் சுமார் 22 பாகையில் ரோட்டரின் பித்தளை நுனி முனைக்கு நேராக நிற்க வேண்டும். இரு கோடியிலும் 6 பாகைபோல விலகும். ரோட்டர் நுனியின் அகலம் அதைத் தாங்கும்.

விஆர் ஒயர் இரண்டையும் மாற்றிப் போட்டாலும் இன்ஜின் ஓடும், அதுதான் ஆபத்து. ட்யூனர்ஸ்டுடியோவில் (இசியுவை அமைக்கும் லேப்டாப் மென்பொருள்) டைமிங்கை 10 பாகைக்கு நிலைநிறுத்திவிட்டு, லைட் அடித்தபடி 4000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். குறி நகராமல் நின்றால் சரி. வேகம் ஏற ஏறக் குறி வழுக்கிக்கொண்டே போனால் ஒயரை மாற்றுங்கள். டேபிளில் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. விஆர் ஒயரின் ஷீல்டு இசியு பக்கம் மட்டும் எர்த் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஷீல்டே ஆன்டெனாவாகிவிடும்.

ஸ்பார்க் வெளியீடு வெறும் லாஜிக் சிக்னல். காயிலை நேரடியாக மாட்டக் கூடாது, நடுவில் காயில் கரண்ட்டைத் திறந்து மூடும் இக்னைட்டர் கட்டாயம். ஸ்பார்க் போலாரிட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டால் காயில் எந்நேரமும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். சாவியைப் போட்ட சில நிமிடங்களில் காயிலோ இக்னைட்டரோ வெந்துவிடும். எனவே காயில் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஃபர்ம்வேர், போலாரிட்டி, ட்வெல் (காயில் சார்ஜ் ஆகும் நேரம்) எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள். ட்வெல்லை 3 மில்லிசெகண்டில் தொடங்கலாம். அதன் பிறகே காயில்.

இன்ஜெக்டர் கணக்கு

இந்தச் சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜெக்டர் வாங்குவதுதான் பரவலான தவறு. கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். 219 சிசி சிலிண்டர் முழுதாக நிரம்பினால் காற்று சுமார் 0.26 கிராம். 14.7 விகிதத்தில் பெட்ரோல் 0.018 கிராம். நிமிடத்துக்கு 240 சிசி விடும் இன்ஜெக்டர் அதைக் கொடுக்க எடுக்கும் நேரம் 6 மில்லிசெகண்ட். ட்யூனர்ஸ்டுடியோவின் ‘ரெக்வயர்டு ஃப்யூவல்’ பெட்டியிலும் இந்த எண் அருகில்தான் வரும்.

ஐட்லிங்கில் மேப் 35 கிலோபாஸ்கல் (வெளிக்காற்று சுமார் 100), நிரம்பும் திறன் பாதி என்று வைத்தால் வேண்டியது ஏறத்தாழ 1.1 மில்லிசெகண்ட்; அதோடு இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம் 1 மில்லிசெகண்ட். இது நடக்கக்கூடிய அளவு. அதே இடத்தில் 550 சிசி இன்ஜெக்டர் என்றால் அரை மில்லிசெகண்ட்கூட வராது. அவ்வளவு குறுகிய துடிப்பில் எந்த இன்ஜெக்டரும் ஒழுங்காக அளந்து விடாது; ஐட்லிங் ஏறி இறங்கும், வைட்பேண்ட் (புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் சென்சார்) காட்டும் எண் குதித்துக்கொண்டே இருக்கும்.

மேல் கோடியில், 150 கிலோபாஸ்கல், 85 விழுக்காடு நிரப்பல், 11.5 விகிதம், 6500 ஆர்பிஎம். வேண்டியது சுமார் 10 மில்லிசெகண்ட், தாமதத்தோடு 11. அந்த வேகத்தில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 18.5 மில்லிசெகண்ட். டூட்டி, அதாவது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு, 60 விழுக்காடு அளவில் நிற்கிறது. 240 சிசிக்கு மேல் போக ஒரு காரணமும் இல்லை.

இன்ஜெக்டர் ஹை இம்பிடன்ஸ், அதாவது 12 ஓம் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மூன்றையும் ஒரே வெளியீட்டில் மாட்டலாம்: 12 ஓமில் தலா 1.2 ஆம்பியர், மொத்தம் 4-க்குள் முடிகிறது. வெளியீடு 5 ஆம்பியர் தாங்கும். இரண்டும் ஒன்றுமாகப் பிரித்தும் மாட்டலாம், ஆனால் அமைப்பில் ‘சைமல்டேனியஸ்’ என்றே இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டிங் என்று வைத்தால் ஒற்றைப்படைச் சிலிண்டர்க் கணக்கு குழம்பும். ஒரு சுழற்சிக்கு ஒரு தெளிப்பு என்று வையுங்கள். மூன்று தெளிப்பு என்றால் ஐட்லிங் துடிப்பு 0.4 மில்லிசெகண்டுக்குக் கீழே போய், மேலே சொன்ன சிக்கல் 240 சிசியிலேயே வந்துவிடும்.

பெட்ரோல் வழியைப் பற்றி. கார்புரேட்டர் பம்ப் தருவது 0.2–0.3 பார், இன்ஜெக்ஷனுக்கு வேண்டியது 3 பார். பழைய ஹோஸை அப்படியே விட்டால் வெடித்து, சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் பீய்ச்சும். எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும்தான். ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டர் ஹோஸ். கிளாம்ப்பும் ஓட்டை வெட்டாத பட்டை வகையாக இருக்க வேண்டும்; ஓட்டை வெட்டிய கிளாம்ப் ரப்பரை அறுத்துவிடும். இந்த இன்ஜின் முழு பலத்தில் மணிக்கு 22 லிட்டர் அளவுதான் குடிக்கும். மணிக்கு 255 லிட்டர் பம்ப்பை மாட்டினால் மிச்சம் முழுவதும் குறுகலான ரிட்டர்ன் குழாயில் திரும்ப முடியாமல் அழுத்தத்தை ஏற்றும். ரெகுலேட்டர் 3 பார் என்று நினைத்துக்கொண்டிருக்க, ரெயிலில் 3.5 இருக்கும். 90–120 லிட்டர் பம்ப் போதும். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸை மேனிஃபோல்டில் மாட்டுவது கட்டாயம், பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும். டேங்க்கில் தடுப்புத் தகடு இல்லாத வண்டிகளுக்கு ஒரு லிட்டர் சர்ஜ் டேங்க் (பம்ப்புக்குப் பெட்ரோல் விடாமல் கிடைக்கச் செய்யும் இடைத்தொட்டி) இல்லாமல் வளைவில் இன்ஜின் இருமும். பூஸ்ட்டில் அந்த இருமல் ஒரு முறை வந்தாலும் விலை அதிகம்.

சென்சார்களும் எர்த்தும்

கூலன்ட் சென்சாரும் காற்று வெப்பநிலை சென்சாரும் ஜிஎம் வகையாக இருந்தால் இசியுவின் ஆரம்ப அளவீடே பொருந்தும்: 30 பாகை செல்சியஸில் 2238 ஓம், 99 பாகையில் 177 ஓம். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். காற்று சென்சார் முனை திறந்த வகையாக இருக்கட்டும். மூடிய முனை வெப்பம் மாறுவதைச் சொல்வதற்குள் பூஸ்ட் முடிந்துவிடும். மேப் சென்சார் ஜிஎம் 3 பார் என்றால் அளவீட்டில் 1.1, 315.5 என்று எழுத வேண்டும். அதன் ஹோஸை ஒரு சிலிண்டரின் ரன்னரிலிருந்து எடுக்காமல் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான பிளீனத்திலிருந்து எடுங்கள். மூன்று சிலிண்டருக்குச் சின்ன பிளீனம் என்பதால் சிக்னல் அலை அலையாக வரும். எம்எஸ்2/எக்ஸ்ட்ராவில் உள்ள ஈவென்ட் சராசரி அமைப்பு அதை நன்றாகவே அடக்குகிறது. இந்த ஃபர்ம்வேரில் மனதாரப் பாராட்ட வேண்டிய இடம் இது.

த்ராட்டில் பாடி 38–42 மி.மீ. போதும். 50-க்கு மேல் போனால் பெடலை லேசாகத் தொட்டதும் வண்டி தாவும். சரக்கு வண்டியில் அது தொல்லை.

எர்த் ஒயர்கள் அனைத்தும் இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் சேர வேண்டும். சென்சார் எர்த் மட்டும் தனி. அது இசியுவுக்கே திரும்பட்டும், பாடியில் எங்கும் தொடக் கூடாது. வைட்பேண்ட் ஹீட்டரின் எர்த்தைச் சென்சார் எர்த்தில் சேர்த்தால் ஹீட்டர் கரண்ட் ஏறும்போதெல்லாம் எல்லாச் சென்சார் எண்ணும் சேர்ந்து நகரும். ஓடும்போது ட்யூனர்ஸ்டுடியோவில் ரீசெட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் இரைச்சல் உள்ளே வருகிறது என்று பொருள். ரெசிஸ்டர் பிளக் இருக்கிறதா, காயில் ஒயரும் இசியு ஒயரும் ஒரே கட்டில் ஓடுகிறதா என்று முதலில் தேடுங்கள். லேப்டாப் இணைப்பு பழைய ஆர்எஸ்232 முறை. எஃப்டிடிஐ சிப் உள்ள யுஎஸ்பி மாற்றியை வாங்குங்கள், போலிச் சிப் மாற்றிகள் இன்ஜின் ஓடும்போது இணைப்பை அறுத்துவிடும்.

பூஸ்ட்

ஐஎச்ஐ ஆர்எச்பி31 போன்ற சின்ன டர்போ இந்த அளவுக்குப் பொருத்தம். எஃப்6ஏ குடும்பத்தில் தொழிற்சாலையிலேயே டர்போவோடும் இன்ஜெக்ஷனோடும் வந்தவை உண்டு. அவற்றின் மேனிஃபோல்ட் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒற்றைக் கேம் ஆறு வால்வு, பன்னிரண்டு வால்வு, இரட்டைக் கேம் என்று ஹெட்டுகள் வெவ்வேறு. உங்கள் கேஸ்கெட்டை வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கார்புரேட்டர் இன்ஜினின் பிஸ்டன், பூஸ்ட்டுக்காகச் செய்த குறைந்த கம்ப்ரஷன் பிஸ்டன் அல்ல. அதனால்தான் 0.4 பார். அந்த அளவிலேயே, 25 பாகைக் காற்று 65 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரஸரைத் தாண்டும்போது 70 பாகை ஆகிவிடும். டிரக்கில் இன்ஜின் இருக்கைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் வைத்த சின்ன இன்டர்கூலர் தேவைப்படும், இல்லாவிட்டால் காற்று வெப்பநிலைக்கு ஏற்ப டைமிங்கைக் குறைக்கும் டேபிளை நிரப்பியே ஆக வேண்டும். தொடக்க டைமிங்காக 100 கிலோபாஸ்கல், 3000 ஆர்பிஎம்மில் 24 பாகை, 140-இல் (0.4 பார் பூஸ்ட்) 17 என்று வைத்து, அங்கிருந்து மெல்ல நகருங்கள். விகிதம் 100-இல் 12.8, பூஸ்ட்டில் 11.5. பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.7 மி.மீ. ஓவர்பூஸ்ட் கட் 160 கிலோபாஸ்கலில். ஆயில் திரும்பும் குழாயின் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையாமல், வழி முழுதும் கீழ்நோக்கியே, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இது தவறினால் நல்ல டர்போவும் நீலப் புகை கக்கும்.

மேனிஃபோல்டில் வேக்குவம் மட்டுமே பார்த்துப் பழகிய சின்ன ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். பிசிவிக்கு (கிராங்க்கேஸ் புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் குழாய்) ஒருவழி வால்வு இல்லையென்றால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும். பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஒருவழி வால்வு கசிந்தால் பிரேக் கட்டையாகும். சரக்கு ஏற்றும் வண்டியில் இதைவிட முக்கியமான சோதனை இல்லை.

ஸ்பீடுயினோவோடு ஒப்பிட்டால்

ஸ்பீடுயினோ அர்டுயினோ மெகா 2560 மேல் கட்டிய திறந்தமூல இசியு. நான்கு இன்ஜெக்டர், நான்கு ஸ்பார்க் வெளியீடு, 250 கிலோபாஸ்கல் மேப் சென்சார் பலகையிலேயே. அதாவது 36-1 சக்கரம், மூன்று காயில் என்ற ஆசை இதில் நேராக நிறைவேறும். கேம் சிக்னலும் கொடுத்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நேரத்தில் தெளிக்கும் சீக்வென்ஷியலும் வரும். இதுவும் ட்யூனர்ஸ்டுடியோவில்தான் ஓடுகிறது. ஆனால் பின்களில் செருகி நிற்கும் பலகை என்பதால் டிரக்கின் அதிர்வில் பின்கள் தளரும். விஆர் சிக்னலுக்குத் தனி கண்டிஷனர் தேவை. பெட்டி, சீல், கோட்டிங் எல்லாம் உங்கள் பொறுப்பு. சால்டரிங் கை சுத்தமாக இருப்பவர்களுக்கு மூன்று சிலிண்டரில் ஸ்பீடுயினோவே மேல். மற்றவர்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டரோடு மைக்ரோஸ்க்விர்ட் நம்பகம் அதிகம். அதையும் கேபினுக்குள்ளேயே வையுங்கள். கனெக்டர் சீல் இருக்கிறதே என்று சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டி நீரில் நனைய விட வேண்டாம்.

ட்யூனர்ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பில் எல்லா அமைப்புகளையும் மாற்றலாம், ஆனால் விஇ டேபிளைத் (சிலிண்டர் நிரம்பும் திறனின் அட்டவணை) தானாகத் திருத்தும் வசதி பணம் கட்டிய பதிப்பில்தான். கட்டுவது நல்லது. அதுவும் 100 கிலோபாஸ்கலுக்குக் கீழே உள்ள கட்டங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பூஸ்ட் கட்டங்களில் முதலில் கையால் 10 விழுக்காடு கூடுதலாக எழுதி வைத்து, மூன்றாவது கியரில் மூன்று நான்கு விநாடி மட்டும் முழு பெடல் கொடுத்து லாக் எடுத்து, வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மேப் 140-ஐத் தாண்டியதா, விகிதம் 12-க்கு மேல் எங்காவது போனதா, இன்ஜெக்டர் டூட்டி 80-ஐ நெருங்கியதா, காற்று வெப்பநிலை 60 பாகையைக் கடந்ததா. இந்த நான்கில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், காரணம் தெரியும்வரை அடுத்த முறை முழு பெடல் வேண்டாம்.